பக்கம் 112/-

ஒரு நல்ல வாசகரின் விலை முந்நூறு ரூபாய், ஒரு டீ, இரண்டு வடை. காரைக்குடியில் இன்றைய நிலவரம் இது. மதுரையில் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். சென்னையில் மேடையில் பெயரைச் சொன்னாலே போதும், ஓசிக்கு வருவார்கள் என்கிறார்கள். நான் விசாரித்துப் பார்க்கவில்லை.

தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் நிற்காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பரவாயில்லை, மாஜிஸ்திரேட் முன்னால் இதையே இன்னொரு தடவை சொல்கிறேன். பதிலுக்கு ஒன்றும் கேட்கப் போவதில்லை. பேரம் பேசியே வளர்ந்தவன் பேரம் இல்லாமல் ஒன்றை நீட்டினால், சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சரவணகுமார். வயது ஐம்பத்து மூன்று. பழஞ்சாமான் கடை வைத்திருக்கிறேன். இடிக்கிற வீடுகளிலிருந்து வருகிற கதவு, நிலை, தூண், பீங்கான், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் உண்டு. முன்பக்கம் கடை, பின்பக்கம் சரக்கு அடுக்குகிற கிட்டங்கி. அதோடு பன்னிரண்டு வருஷமாக ஒரு சின்னப் பதிப்பகமும் நடத்துகிறேன். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். இரண்டும் ஒரே தொழில்தான். யாரோ வாழ்ந்த வாழ்க்கையை எடுத்து, தூசி தட்டி, வேறு யாருக்கோ விற்கிறோம்.

எங்கள் தொழிலில் குறைக்காரர் என்று ஒருவர் உண்டு. வெளியூர் ஆள் ஒரு கதவின் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருப்பார். குறைக்காரர் இன்னொரு வாடிக்கையாளர்போல வந்து பக்கத்தில் நிற்பார். “இதையா பாக்குறீக? பர்மாத் தேக்குன்னு சொல்லியிருப்பாகளே. எனக்கென்னமோ பூவரசா இருக்குமோன்னு தோணுது” என்பார். அவ்வளவுதான். வந்தவருக்குச் சுருக்கென்று தைக்கும். “என்னங்க நீங்க, ரேகையப் பாருங்க, கனத்தப் பாருங்க” என்று ஆரம்பிப்பார். ஐந்து நிமிஷம் அந்தக் கதவுக்காக வாதாடுவார். வாதாடிய பிறகு அதை வாங்காமல் போனவரை நான் பார்த்ததில்லை. மனிதன் பொருளை விட்டாலும் விடுவான், அதைப் பற்றித் தான் பேசிய பேச்சை விடமாட்டான். என் அப்பா சொல்லிக்கொடுத்த இலக்கிய விமர்சனம் இது ஒன்றுதான்.

எங்கள் கடைக் குறைக்காரர் அல்லாபிச்சை பாய். முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் நின்று, முழங்கால் போய், எங்களிடம் வந்தவர். குறை சொல்வதில் அவருக்கு ஒரு கண்ணியம் உண்டு. இல்லாத ஓட்டையைச் சொல்லமாட்டார். இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்குவார். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும்.

மாயக்கண்ணன் ஐயா என் கடைக்கு முதலில் வந்தபோது கதவு பார்க்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். மஞ்சள் பையிலிருந்து கையெழுத்துக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். திருப்பத்தூரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பட்டன் போன் ஒன்று, அதுவும் பாதி நேரம் அணைந்திருக்கும். அவருடைய முதல் இரண்டு நாவல்களையும் நான்தான் போட்டேன். இரண்டும் சேர்ந்து நூற்றுப் பத்துப் பிரதி விற்றன. அதில் நாற்பது அவரே வாங்கியது.

மூன்றாவதுதான் ‘நாலாவது கலம்’.

நீங்கள் படித்துவிட்டதாகச் சொன்னீர்கள். இருந்தாலும் எழுதிவிடுகிறேன், கோர்ட்டில் படிக்காதவர்கள் இருப்பார்கள். எங்கள் பக்கம் ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பையனைத் தத்து எடுப்பதைப் பிள்ளை கூட்டுவது என்போம். சபையில் பையன் மஞ்சள் நீர் குடித்தால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை, பெற்றவளுக்கு இல்லை. நாவலில் ஒரு ஏழைத் தாய் தன் ஒரே மகனைப் பெரிய வீட்டுக்குக் கொடுக்கிறாள். வருஷத்துக்கு மூன்று கலம் நெல் அவளுக்குத் தருவதாகப் பேச்சு. சபை கூடியாயிற்று, பத்திரம் எழுதியாயிற்று, பையன் உதட்டுக்கு மஞ்சள் நீர்க் கிண்ணம் போகிறது. அந்த நேரத்தில் அவள் வாய் திறக்கிறாள். “நாலு கலம்னா குடிக்கட்டும்.”

அது 112ஆம் பக்கம்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனையோ கதைகளில் தாய்மார்கள் அழுது பார்த்திருக்கிறேன். விலை கேட்டுப் பார்த்ததில்லை. இவள் எங்கள் ஆள் என்று தோன்றியது. சும்மா கிடைத்ததை யாரும் சரியாக வைத்துக்கொள்ளமாட்டார்கள், விலை ஏற ஏறத்தான் பொத்திப் பொத்தி வைப்பார்கள். தன் மகனைப் பொத்தி வைக்கட்டும் என்று அவள் விலையை ஏற்றுகிறாள். அந்த இடத்திலேயே முடிவு செய்தேன், இது சாதாரணச் சரக்கு இல்லை என்று. அன்றைக்கே அச்சுக்குக் கொடுத்தேன்.

எட்டு மாதத்தில் ஐம்பத்திரண்டு பிரதி போயிற்று. ஒருவரும் பாராட்டவில்லை. அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஒருவரும் திட்டவும் இல்லை.

ஐயா வாரம் ஒரு முறை பஸ் ஏறி வந்து, “கடுதாசி ஏதும் வந்துச்சா தம்பி?” என்று கேட்பார். வரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் சொன்னேன். “ஒருத்தர் கடுமையா எழுதியிருக்காருய்யா. உங்ககிட்டக் குடுக்கவே கூச்சமா இருக்கு.”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “குடுங்க, குடுங்க.”

அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். அப்படித்தான் கோவிலூர் குழந்தைவேலு பிறந்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதுவதெல்லாம் இல்லை. என் கையால் எழுதிக் கொடுப்பேன், பாய் அதைப் பார்த்து இன்லண்டு லெட்டரில் நகல் எடுப்பார். ‘பெற்றவளைத் தரகுக்காரியாக்கிய மாயக்கண்ணன் அவர்களுக்கு’ என்று தொடங்கியது முதல் கடிதம். அதன் படம் ஒன்றை வாசகர் வாட்ஸப் குழுக்கள் இரண்டில் போட்டேன். அன்று மாலையே வாத்தியார் ஒருவர் 112ஆம் பக்கத்துக்காக வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். அவர் அதுவரை புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மறுநாள் கடைக்கு வந்து வாங்கினார்.

பிறகு வேலை கூடிப்போயிற்று. குழந்தைவேலு ஒருவரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தள்ளுவது? பாயோடு சேர்த்து எதிர்ப்புக்கு மூன்று பேர், ஆதரவுக்கு இரண்டு பேர் என்று பிடித்தேன். எல்லோருக்கும் வரைவு நான்தான். காலையில் எதிர்ப்பு எழுதுவேன், மதியத்துக்கு மேல் ஆதரவு. சாப்பிட்டால் எனக்கு மனம் இளகிவிடும்.

அதன்பிறகு ஊரே எழுத ஆரம்பித்தது. உங்களுக்கு நினைவிருக்கும், காரைக்குடி நூலகத்தில் நடந்த கூட்டத்துக்கு இரண்டு கான்ஸ்டபிள்களை அனுப்பினீர்கள். ஒரு கட்சி, இது தாய்க்குலத்துக்கு இழுக்கு என்றது. ஒரு கட்சி, தமிழில் முதல் முதலாக ஒரு தாய் நிமிர்ந்து நின்று பேசினாள் என்றது. கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி என்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. ஒரே உறையில், தபால் செலவை மிச்சம் பிடித்து. 112ஆம் பக்கத்தைக் கிழித்து, அதன்மேல் செருப்பு அச்சைப் பதித்து அனுப்பினார் ஒருவர். அதே பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன் என்று எழுதினார் ஒரு பெண். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நூறு பிரதி வாங்கினார், எரிப்பதற்கு. அவருக்கும் வழக்கமான கழிவு கொடுத்தேன்.

இதில் யாரை நான் ஏமாற்றினேன் என்று நீங்கள் காட்டவேண்டும். திட்ட ஆசைப்பட்டவர்களுக்குத் திட்ட ஒன்று கிடைத்தது. தாங்க ஆசைப்பட்டவர்களுக்குத் தாங்க ஒன்று கிடைத்தது. நான்கு பதிப்பு, விற்றது நாலாயிரம் பிரதி. ஐம்பத்திரண்டோடு கரையானுக்குப் போகவேண்டிய புத்தகம்.

ஐயாவுக்கு இதில் ஒரு விசித்திரமான பழக்கம் வந்தது. ஆதரவுக் கடிதங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். குழந்தைவேலுவின் கடிதத்தை மட்டும் கடையிலேயே உட்கார்ந்து இரண்டு முறை படிப்பார். “இந்த மனுசன்தான் தம்பி என்னையப் படிக்கிறாரு. மத்தவுகல்லாம் என்னையத் தாண்டி அங்குட்டு யாரையோ பாத்துப் பேசுறாக” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

நாலாம் பதிப்பு பாதியில் தேங்கியது. ஊர் சலித்துவிட்டது. குறைக்காரர் ஒரே குறையை எத்தனை நாள் சொல்வார்? குறையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

ஐயா முன்பு ஒரு முறை என்னிடம் சொல்லியிருந்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் நகலெடுத்த சுவீகாரப் பத்திரம் ஒன்றில், மூன்று கலம் என்று எழுதியதை அடித்துவிட்டு நான்கு என்று திருத்தியிருந்ததாம். திருத்தத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் கைநாட்டு. அந்தக் கட்டைவிரல் ரேகையிலிருந்துதான் நாவல் வந்தது. அவளை அவர் நேரில் பார்த்ததில்லை, பெயரும் மறந்துவிட்டது.

ஒன்பதாவது கடிதத்தில் குழந்தைவேலு எழுதினார்: ‘அந்தப் பிள்ளை நான்தான். என் ஆத்தா கோவிலூரில் உயிரோடு இருக்கிறாள். எண்பத்து நாலு வயது, எழுதப் படிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்தார் 112ஆம் பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து சோற்றில் கை வைக்க மறுக்கிறாள்.’

பாய் இதை நகல் எடுக்கும்போது பாதியில் பேனாவை மூடிவிட்டார்.

“தம்பி, இது சரக்குக்குக் குறை சொல்றது இல்ல.”

“பின்னே?”

“அந்த மனுசன் இத நம்பிருவாரு.”

“நம்பத்தானே பாய் எழுதுறோம்.”

“கதவுக்குச் சொன்னாக் கதவு நம்பாது தம்பி. அதுனாலதான் நான் இத்தன வருசம் சொன்னேன்” என்றார். பிறகு எழுதி முடித்துக் கொடுத்தார். டீ குடித்தார். வடை வேண்டாம் என்றுவிட்டார்.

கடிதத்தைக் கொடுத்த பிறகு மூன்று வாரம் ஐயா வரவில்லை. வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பாய் அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார், கடையில் நான் மட்டும். ஐயா இளைத்திருந்தார். கிட்டங்கியில் போய்ப் பேசுவோம் என்று அழைத்துப் போனேன். புத்தகக் கட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன.

“மிச்சம் எத்தனை இருக்கு தம்பி?”

“எதுக்குய்யா கேக்குறீக?”

“எல்லாத்தையும் நான் எடுத்துக்கிர்றேன். பேப்பர்ல போடுறதுக்கு எழுதியாந்துருக்கேன், பாருங்க.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பத்திரக்காரர் அல்லவா, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ‘நாலாவது கலம்’ என்னும் நூலை அதன் ஆசிரியராகிய நான் முழுமனதோடு திரும்பப் பெறுகிறேன். உயிரோடுள்ள ஒரு தாயாருக்கு அதனால் ஏற்பட்ட வேதனைக்குப் பொதுவில் மன்னிப்புக் கோருகிறேன். வாங்கியவர்கள் பிரதியைத் திருப்பி அனுப்பினால் தொகையைத் தருகிறேன்.

“ஐயா, நாலாயிரம் பேரு படிச்ச புத்தகம் இது.”

“நாலாயிரம் பேரு வாங்குன புத்தகம். திட்டுறவுகளும் 112லதான் நிக்கிறாக, தாங்குறவுகளும் அங்கனதான் நிக்கிறாக. கடைசி அத்தியாயத்தப் பத்தி ஒரே ஒரு கடுதாசி வந்துச்சா? வரல. யாரையுமே அதுவரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போக எனக்குத் தெரியல. அப்பத் தப்பு என்மேலதான்.” பிறகு கேட்டார்: “நீங்க படிச்சீகள்ல தம்பி?”

“படிக்காமயா அச்சடிச்சேன்?”

“அது போதும்” என்றார். முகம் தெளிந்துவிட்டது. “இப்ப இப்படியே கோவிலூர் போறேன். மடத்துப் பக்கம் யாரையாச்சும் கேட்டா வீட்டக் காட்டுவாக. அந்தம்மா முன்னால உக்காந்து கடைசி அத்தியாயத்த நானே வாசிச்சுக் காட்டுறேன். அதக் கேட்டும் சோறு திங்கலைன்னா, புத்தகம் இல்லாம இருக்குறதுதான் சரி.”

என்னிடம் பத்தாவது கடிதம் ஒன்று தயாராக இருந்தது. எப்போதும் ஒரு மாற்றுச் சரக்கு கையிருப்பில் வைத்திருப்பேன். பாய் ஏற்கெனவே நகல் எடுத்தது. அதைக் கொடுத்தேன். ஆத்தா மனம் ஆறிவிட்டாள், இரண்டு நாளாகச் சாப்பிடுகிறாள், நீங்கள் வரவேண்டாம், புத்தகம் இருக்கட்டும் என்று குழந்தைவேலு எழுதியிருந்தார். இதைவிட நல்ல விலை யாரும் கொடுக்கமுடியாது. ஐயா வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

அவர் நின்றபடியே படித்தார். கண் கலங்கிவிட்டது. இன்னொரு முறை உட்கார்ந்து படிக்க இடம் தேடினார். நான் முக்காலியை எடுத்துப் போட்டேன்.

“பாத்தீகளா தம்பி, இப்படிப்பட்ட மனுசங்க. இன்னைக்கே போயிப் பாத்துரணும்” என்றார்.

குழந்தைவேலு என்று யாரும் இல்லை என்று அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கேட்டது நியாயம். சொல்லியிருந்தால் அவர் அதையும் பேப்பரில் போட்டிருப்பார். இரண்டு வருஷமாக நாலாயிரம் பேர் சண்டை போட்டது ஒரு கடைக்காரன் எழுதிய கடிதத்துக்காக என்று ஆகியிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை யார் தொடுவார்கள்? சொன்னாலும் புத்தகம் போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும். நானும் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அது அவருடைய புத்தகம்தானே என்றும் கேட்டீர்கள். இல்லை, அம்மா. சபையில் வைத்துக் கொடுத்தாயிற்று. மஞ்சள் நீர் குடித்த பிள்ளையை, மனசு கேட்கவில்லை என்று பெற்றவர் வந்து கூட்டிக்கொண்டு போகமுடியுமா? அப்படி வந்தால், தடுக்கிற கடமை வளர்த்தவனுக்குத்தான்.

கிட்டங்கியில் தேவகோட்டைப் பக்கத்து வீடு ஒன்றின் தலைவாசல் கதவு இருக்கிறது. ஒரு கதவு மட்டும் ஒன்பதடி. நகர்த்த ஆறு ஆள் வேண்டும். அதைச் செங்குத்தாக, சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம் விட்டு நிறுத்தி, முன்பக்கம் அடியில் ஆப்பு அடித்து வைத்திருப்போம், தரை வாட்டம் வாசல் பக்கமாக ஓடுவதால். ஆப்பு இருக்கும்வரை பயமில்லை. எடுத்தாலும் உடனே விழாது, பின்னாலிருந்து தோளால் லேசாக ஒரு தள்ளு தள்ளவேண்டும். முக்காலியை நான் அந்தக் கதவுக்கு முன்னால்தான் போட்டிருந்தேன். அப்போது வேறு இடமும் இல்லை.

அவர் கடிதத்தில் மூழ்கியிருந்தார். நான் ஆப்பைத் தட்டியதுகூடக் காதில் விழவில்லை. கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தார். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை எழுத்தாளர்களுக்குக் கடைசியாகப் படித்த வாசகர் கடிதம் நல்ல கடிதமாக அமைகிறது?

அறிவிப்புத் தாளை என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்லண்டு லெட்டரை அவர் கையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு உங்கள் ஸ்டேஷனுக்கு நானே போன் செய்தேன். விபத்து என்று எழுதினீர்கள். மரக்கடைகளில் நடக்கிற விபத்துதான்.

அஞ்சலிக் கூட்டத்தில் எதிர்த்தவர்கள்தான் அதிகம் அழுதார்கள். திட்டுவதற்கு அவரைப்போல இனி யார் கிடைப்பார்கள் என்ற கவலை. ஆதரித்தவர்கள் குழந்தைவேலுவைக் கொலைகாரன் என்றார்கள். அந்தக் கடிதங்களைப் படித்துத்தான் ஐயா உடைந்துபோனார், நடை தளர்ந்துபோனார், அதனால்தான் கதவு விழும்போது விலக முடியவில்லை என்று ஒருவர் நீளமாக எழுதினார். நானே எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது. மூன்றே வாரத்தில் ஐந்தாம் பதிப்பு.

அங்கேதான் கணக்குப் பிசகியது. ஆதரித்தவர்கள் குழந்தைவேலுவைத் தேடி நிஜமாகவே கோவிலூர் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெயரில் அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் படுக்கையில், ஒருவன் இரண்டாம் வகுப்பு. மூன்றாமவர் தேங்காய்க் கடை வைத்திருந்தார். அவர் கடையை உடைத்தார்கள், அவர் இடது கையையும். வாழ்நாளில் அவர் ஒரு நாவலையும் தொட்டதில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்கு என் வருத்தம். இந்த வாக்குமூலத்தில் அந்தச் சொல் வேறு எங்கும் வராது.

கடை உடைந்த புகாருக்காகத்தான் நீங்கள் கடிதங்களைத் திரட்டினீர்கள். போன வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டு, மேஜையில் வரிசையாகப் பரப்பி வைத்தீர்கள். இந்தப் பக்கம் எதிர்ப்பு, அந்தப் பக்கம் ஆதரவு. ஐந்து விதமான கையெழுத்து.

“இதப் படிங்கண்ணே” என்றீர்கள்.

“பக்கம் நூத்திப் பன்னண்டு.”

“அதுக்குப் பக்கத்துல?”

பார்த்தேன். எண்ணை அடுத்து ஒரு சாய்ந்த கோடு, ஒரு படுத்த கோடு. 112/-. அடுத்த கடிதத்திலும் 112/-. செருப்பால் அடிப்பேன் என்றவரும் 112/-, காலில் விழுகிறேன் என்றவரும் 112/-.

“ரூபாய்க்குப் போடுறது. பக்கத்துக்கு எதுக்குண்ணே?” என்று கேட்டீர்கள். “கண்டபடி திட்டுறவரும் கடைக்காரரு, தலையில வச்சு ஆடுறவரும் கடைக்காரராண்ணே?”

ஐந்து வயதில் அப்பா என் கையைப் பிடித்து பில் எழுதப் பழக்கினார். எண் எழுதினால் பின்னால் கோடு போடாமல் விடாதே, எவனாவது ஒரு பூஜ்யம் சேர்த்துவிடுவான் என்பார். என் கைக்கு அது எண்ணின் ஒரு பகுதி. போட்டதே எனக்குத் தெரியாது. நகல் எடுத்தவர்கள் யோக்கியமானவர்கள், இருந்ததை இருந்தபடி எழுதியிருக்கிறார்கள். பாயைக் கேட்டீர்கள். “கோடு போட்டுருந்துச்சு, நானும் போட்டேன்” என்றார். அதன்பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார், இறந்தவர் கையில் இருந்த கடிதம் என் கையிருப்பில் இருந்ததுதான் என்பது உட்பட. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இதற்குமேல் நான் மறைக்க எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கிட்டங்கியில் ஆப்பு எங்கே இருக்கிறது என்பதையும், அறிவிப்புத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதையும் காட்டிக் கொடுத்தேன். கொன்றது நான்தான், தெரிந்துதான் செய்தேன். நாளைக்கு அதே முக்காலியில் அதே தாளோடு அவர் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் செய்வேன். தன் பிள்ளைக்குத் தானே எமனாக வந்த ஒருவரிடமிருந்து பிள்ளையை நான் காப்பாற்றினேன். அந்தப் புத்தகத்தை என்னைப்போல் மதித்தவர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

இதைத்தான் இன்று காலை வாயாலும் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, குரலை உயர்த்தாமல் ஒரு கேள்வி கேட்டீர்கள்.

“அப்ப அந்த நாலாவது கலம் கடைசியில என்னாச்சுண்ணே?”

“என்னாகும்? வித்து முதலாக்கியிருப்பா. குடுத்த பிள்ளைக்கு ஒரு மதிப்பு இருக்கணும்ல” என்றேன்.

நீங்கள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாயைத் திரும்பிப் பார்த்தீர்கள். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“இல்ல தம்பி. அந்தம்மா அந்த வீட்டுக்கே சமையலுக்குப் போயிருது. மூணு கலம் அதோட வயித்துக்கு. நாலாவதுல ஒரு மணியத் தொடல. வருசா வருசம் அந்த நெல்லக் குத்தி, அந்த வீட்டு உலையிலயே போட்டுருது. பெத்தவ குடுத்த சோத்தத்தான் அந்தப் பய பன்னண்டு வருசம் தின்னுருக்கான். அவனுக்குத் தெரியாது, அந்த வீட்டுலயும் ஒருத்தருக்கும் தெரியாது. இத வாசிச்சுக் காட்டத்தான் தம்பி அவரு கோவிலூருக்குக் கெளம்புனாரு.”

நல்ல முடிவு. விற்கும்.

கடைசியாக, மொத்த விவரத்தையும் ஒரே இடத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். என் நினைவுக்கு எட்டியவரை சரியானது.

‘நாலாவது கலம்’ நூல் குறித்த வாசகர் கடிதங்கள்: எதிர்ப்பு 121, ஆதரவு 93. மொத்தம் 214.

அவற்றில் நான் எழுதியவை: எதிர்ப்பு 38, ஆதரவு 41. போக, ஊரார் தாங்களாக எழுதியவை 135.

அந்த 135இல் கடைசி அத்தியாயத்தைப் பற்றிப் பேசியவை: இல்லை.

நூலின் மொத்தப் பக்கங்கள்: 248. நான் படித்தவை: 112. பாக்கி: 136.